வலியெல்லாம் ஒண்ணும் இல்ல

எங்கள் சாயப்பட்டறையில் மஞ்சள் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. எந்த மஞ்சள் என்று கேட்பான் கால்ஷேடு. எலுமிச்சம்பழமா, முட்டைக் கருவா, காய்ந்த புல்லா, பழைய காகிதமா? "சாம்பிள் துண்டு இல்லாம வாயாலேயே கலர் சொல்றவனைத் தூக்கித் தொட்டியில முக்கணும் மச்சான்" என்பான் என்னிடம். ஷேடு பார்ப்பது அவன் வேலை. லேப் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லும் பத்தடி அறையில், உள்ளே சாம்பல் நிறம் பூசி மேலே வெள்ளை டியூப் பொருத்திய ஒரு பெட்டி இருந்தது. வாடிக்கையாளர் கொடுத்த துண்டையும் நாங்கள் சாயம் ஏற்றிய துணியையும் அதற்குள் பக்கம் பக்கமாக வைத்து, தலையை இடதுபுறம் சாய்த்து, "கால் ஷேடு கம்மி" என்பான். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். டீயைக் கையில் வாங்கினாலும் அதையேதான் சொல்வான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது, பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் கலர் ஸ்டோர். பொடிகளை நிறுத்துக் கொடுக்கிறவன். பத்து கிராம் கூடினாலும் அவனிடம் மாட்டிக்கொள்வேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் தனியாகப் புலம்பினால் அவனுக்குக் கேட்கும். அந்த வீட்டில் மூன்று பேர். அவன், அவன் மனைவி, காலமாகிவிட்ட அவன் அண்ணனின் மனைவி. அவன் மனைவி எங்கள் பட்டறையிலேயே துணி செக்கிங். மேசை மேல் ஓடும் துணியில் ஒரு நூல் விட்டுப்போயிருந்தாலும் விரலை வைத்துவிடுவாள். அண்ணி முன்னறையில் மேசை போட்டுத் தெருவுக்கே இஸ்திரி போடுகிறவர். எனக்கு அவன் மாப்ளே, அவள் தங்கச்சி, அண்ணி எனக்கும் அண்ணிதான். எனக்கென்று வீட்டில் வேறு யாரும் கிடையாது. அதனால் இந்த உறவுகளை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த மாதம் முழுக்க மஞ்சள் லாட் ஓடியது. ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலைச் சட்டைத் துணி. தரை மஞ்சள், சாக்கடை மஞ்சள், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மஞ்சள். இந்த லட்சணத்தில் ஒருத்தன் உள்ளுக்குள்ளிருந்து மஞ்சளாகிக்கொண்டிருப்பதை யார் கண்டார்கள்? அவனுக்கு உடம்பு அரித்தது. உப்பிலும் சோடாவிலும் நிற்கிறவர்களுக்கு அரிக்காமல் என்ன செய்யும் என்றோம். தொட்டி கலக்கும் கம்பால் முதுகைச் சொறிந்துகொண்டான், சிரித்தோம். சிறுநீர் பால் விடாத டீ மாதிரிப் போகிறது என்றான். ஆவியில் வேகிறவன், தண்ணீர் பத்தவில்லை என்றோம். சோறு இறங்கவில்லை என்றான், வெக்கை என்றோம். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, வேலை ஜாஸ்தி என்றோம். ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் ஒரு காரணம் தயாராக இருந்தது. வேறு தொழில் பார்க்கிற வீடாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும்.

மஞ்சள் முடிந்து கருநீலம் ஏறியது. நான்கே நாளில் எல்லார் கையும் நீலமாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில், திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்த ஒரு துணியைக் காட்டத் தங்கச்சி லேப்புக்கு வந்தாள். நானும் அங்கேதான் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் துணியை வாங்கிப் பெட்டிக்குள் விரித்துக் குனிந்தான். டியூப் வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது.

"ஏங்க, நிமிருங்க."

"இரு, பாத்துக்கிட்டிருக்கேன்ல."

"துணி எங்கயும் ஓடிடாது. என்னைப் பாருங்க மொதல்ல."

அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தாள். அவள் விரலில் நீலம்.

"அண்ணே, இங்க வாங்க. நீலம் ஓட ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள்."

"அப்புறம் ஏன் இவர் கண்ணு இன்னும் மஞ்சள்லயே நிக்குது?"

அவன் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, அதில் தன் கண்ணைப் பார்த்தான். வழக்கம்போல் தலையைச் சாய்க்கவில்லை. நேராகவே பார்த்தான்.

"காமாலை" என்றான்.

சாம்பிள் துண்டு கேட்காமல் அவன் ஒரு நிறத்துக்குப் பெயர் சொன்னது அன்றைக்குத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விஷயம் வீட்டுக்கு வந்தது. அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கணவரும் இப்படித்தான் மஞ்சளானார். எங்கள் பட்டறை லாரியை ஓட்டியவர், முரடர், நல்ல மனுஷன். எங்கிருந்தோ பச்சிலை வாங்கிக் குடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இளைத்து இளைத்து நான்காம் மாதம் காய்ச்சல் கண்டது, இரண்டே நாளில் போய்விட்டார். காமாலை முற்றிவிட்டது என்று சொல்லிக் காரியத்தை முடித்தோம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்குக் கும்பிடு போடறேன்" என்றார் அண்ணி.

"போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி."

"என்னத்தைச் சொல்வாங்க?"

"குடும்பத்துக்கே வர்றதுன்னுவாங்க. அறுக்கணும்னுவாங்க. அறுத்தாலும் போவேன், அறுக்காட்டியும் போவேன்."

"வாயைக் கழுவுங்க" என்றாள் தங்கச்சி. "வலி ஏதாச்சும் இருக்கா? வயித்துல?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் என் திருவாயைத் திறந்தேன்.

"எங்க சித்தப்பாவுக்கும் காமாலை வந்துது மாப்ளே. ஒருத்தர் மருந்து குடுத்தார். வெறும் வயித்துல மூணு நாள். பத்தாம் நாள் கண்ணு பால் மாதிரி வெளுத்துடுச்சு. அண்ணன் குடிச்சது எவன் குடுத்ததோ, இவர் கைராசிக்காரர்."

அண்ணி என்னை முறைத்தார். ஆனால் அவன் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க யாராவது ஒரு கயிறு நீட்ட மாட்டார்களா என்று காத்திருந்தவன் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மருந்துக்காரர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பச்சையாக ஒரு டம்ளர் நீட்டினார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, முட்டை இறைச்சி கண்ணால் பார்க்கவும் கூடாது. தங்கச்சி வெறும் கஞ்சியாக வைத்துக் கொடுத்தாள். வீட்டில் எல்லாருமே கஞ்சிதான் குடித்தார்கள், அவன் முன்னால் வேறு எதைத் தின்பது என்று. நான்கைந்து நாளில் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "லேசா இருக்கு மச்சான்" என்றான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அரிப்பு மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சரக் சரக் என்று சொறிகிற சத்தம் கேட்டபடி இருந்தது, சீப்பை வைத்துச் சொறிகிறான் என்று அண்ணி சொன்னார். மருந்து விஷத்தை வெளியே தள்ளுகிறது என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா.

ஒன்பதாம் நாள் எங்கள் மெஷின் பிட்டர் ஓய்வு பெற்றார். பட்டறையில் மத்தியானம் விருந்து வைத்தார்கள். பொரித்த கோழி. இத்தனை நாள் உப்பில்லாக் கஞ்சி குடித்தவன் இரண்டு துண்டு எடுத்தான். "விடு, ரெண்டுதானே" என்று நான்தான் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஷிப்டு முடிய ஒரு மணி நேரம் இருக்கும். பாய்லர் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அவன் கொதிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், நாங்கள் ஐந்து நிமிஷம் நிற்க முடியாத இடத்தில், இரண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் தந்தியடித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"குளிருது மச்சான். கதவைச் சாத்தச் சொல்லு."

அங்கே கதவே கிடையாது. நெற்றியைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை. தங்கச்சி செக்கிங் மேசையிலிருந்து ஓடி வந்தாள். துணி ஏற்றுகிற வேனில் கோரா துணிக் கட்டுகளுக்கு நடுவே அவனைப் படுக்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "போனா என்ன சொல்வாங்கன்னு தெரியும்னீங்களே, வாங்க, என்ன சொல்றாங்கன்னு ரெண்டு பேருமா கேப்போம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திட்டுகிறாளா தேற்றுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவசரப்படாத முகம். ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். அவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுத் தோலில் இருந்த சொறிந்த கோடுகளைப் பார்த்தார்.

"சிறுநீர் என்ன நிறத்துல போகுது?"

"கட்டன் டீ. முதல்ல பாதி டிகாக்ஷன், இப்ப முழு டிகாக்ஷன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மலம்?"

அவன் தங்கச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மேலே பார்த்துக்கொண்டு சொன்னான். "கோரா."

"அப்படின்னா?"

நான் வேனில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு துணுக்குத் துணியைச் சட்டையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "வெளுக்கறதுக்கு முன்னாடி தறியிலேருந்து வர்ற துணிங்க. இதைத்தான் கோரான்னுவோம்."

டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதே நிறமா?"

"அதைவிடக் கால் ஷேடு கம்மி" என்றான். "பதினெட்டு நாளா. அதுக்கு முந்தின வாரம் வெளிறிக்கிட்டே வந்துது."

"பதினெட்டு நாளாவா? எங்கிட்ட மூச்சு விடலயே நீங்க" என்றாள் தங்கச்சி.

"இதையெல்லாம் எப்படிடி சொல்றது?"

"என் சர்வீஸ்ல இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல" என்றார் டாக்டர். "பதினெட்டு நாள் முன்னாடியே வந்து சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஈரலில் பித்தநீர் ஊறுகிறது. அது ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்கு இறங்க வேண்டும். சாப்பாட்டுக் கொழுப்பைக் கரைப்பது அதுதான், மலத்துக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். குழாய் அடைத்துக்கொண்டால் கீழே நிறம் போகாது, அத்தனையும் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும்.

"எங்க சித்தப்பாவுக்கும் காமாலைதான் டாக்டர்" என்றேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "பச்சிலையில சரியாச்சே?"

"அவருக்கு ஈரல் வீங்கி வந்திருக்கும். அதுல நிறையப் பேருக்கு ஓய்வெடுத்தாலே தானா இறங்கிடும். அந்த நேரம் பார்த்து யார் எதைக் குடுத்தாலும் அவங்களுக்குப் பேர். இது அடைப்பு. அடைப்பை எடுக்காம இறங்காது. நீங்க எண்ணெயை நிறுத்தினதால கொஞ்சம் லேசா இருந்திருக்கும், அவ்வளவுதான்."

கட்டிலில் இருந்தவன் என் பக்கம் திரும்பினான். "காமாலைன்னா எந்தக் காமாலைன்னு கேட்டிருக்கணும் மச்சான். நானே கேக்கல பாரு." அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டாக்டர் வயிற்றில் கை வைத்தார். வலது விலாவுக்குக் கீழே அமுக்கினார். அவன் மூச்சு பாதியில் நின்றது.

"வலிக்குதா?"

"கூச்சம் டாக்டர்."

"இதுக்கு முன்னாடி வலி வந்திருக்கா? சாப்பிட்டப்புறம், முதுகுப் பக்கம், தோள்பட்டையில?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்கேன் எடுத்து வந்தார்கள். குழாய் வீங்கியிருக்கிறது, ஆனால் அடைப்பு இருக்கும் கீழ்முனை வாயுவில் மறைந்து தெரியவில்லை என்று சொன்னார்கள். அதற்குள் அண்ணியும் வந்து சேர்ந்தார். அவர் கையில் மடிப்புக் கலையாத இரண்டு விரிப்புகள், இன்னும் சூடாக இருந்தன. டாக்டர் எங்கள் மூவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார். அண்ணி சொன்னார். டாக்டர் பேனாவை மூடினார்.

"வெளிப்படையாவே சொல்றேன். குழாயை அடைக்கறது கல்லா இருக்கலாம், சுருக்கமா இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். கல்லுன்னா பெரும்பாலும் வலி இருக்கும். வலியே இல்லாம மஞ்சள் ஏறி, ஆள் இளைச்சு வந்தா எனக்கு பயம் அதிகம். பெரிய ஸ்கேன் நாளைக்குக் காலையில எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

அண்ணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி உட்காரவில்லை.

"வலி இருந்தா நல்லதா டாக்டர்?"

"நல்லதுன்னு இல்ல. கல்லா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா மஞ்சள், குளிர் காய்ச்சல், வலி, மூணும் சேர்ந்து இருந்தா அடைப்புக்குப் பின்னால சீழ் கட்டியிருக்குன்னு அர்த்தம். அப்படின்னா நாளைக்கு வரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஏன் கேக்கறீங்க?"

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம். அவன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அதன் முனையைப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எப்படிக் கிழிஞ்சுது?"

"பட்டறையில மாட்டியிருக்கும்."

"மெஷின்ல மாட்டினா ஒரே இழுப்புல கிழியும். இது பல்லுல மென்னு மென்னு நூல் பிரிஞ்சது. ரெண்டு வாரமா துவைக்கறப்ப பாக்கறேன். பதினாறு வருஷமா துணியில ஓட்டை பாக்கறவ நான். என்கிட்டயே பொய் சொல்றீங்களா?"

"ஏய், மெதுவா பேசு."

"கத்துவேன். வலிச்சா பிழைப்பீங்களாம், வலிக்கலன்னா பயமாம். இப்ப சொல்லுங்க, வலிக்குதா இல்லையா?"

அவன் கண்ணோரம் நீர் கோத்தது. அதுவும் மஞ்சளாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"உயிர் போகுதுடி" என்றான். "ஒரு மாசமா. சாப்பிட்டா ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் கத்தியை வெச்சுத் திருகற மாதிரி. இன்னிக்கு அந்தக் கோழி தின்னதுலேருந்து நிக்கவே இல்ல."

"வலின்னா சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு? ஏன் மறைச்சீங்க?"

அவன் அண்ணியை ஒரு முறை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் அதற்குள் நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ வேகமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பித்தம் இறங்காததால் ரத்தம் உறையாது என்று ஓர் ஊசி போட்டார்கள். காய்ச்சலுக்கு வேறு மருந்து ஏற்றினார்கள். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போய், பித்தக் குழாயின் வாயைத் திறப்பார்கள் என்றார்கள். அறுக்க மாட்டார்களா என்று அண்ணி இரண்டு முறை கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டபோது தங்கச்சியின் நீல விரல் ரேகை தாளின் ஓரத்தில் பதிந்துவிட்டது. நர்ஸ் திட்டுவார் என்று பயந்து அவள் அதைத் துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது.

வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது எனக்கு.

"என்னைத் திட்டுங்க அண்ணி. அந்த மருந்துக்காரர் வீட்டு வாசலைக் காட்டினது நான்தான்."

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? பேசாம இருங்க" என்றார் அண்ணி. பிறகு அவரே தொடர்ந்தார். "நான் கையாலாகாதவ. அவரை இழுத்துட்டு வந்திருக்கணும். ஒரு தடவை செருப்பை மாட்டிக்கிட்டு ரெடியாகூட நின்னேன். சத்தம் போட்டாரு. சரின்னு செருப்பைக் கழட்டிட்டு இஸ்திரி போடப் போயிட்டேன். இவளைப் பாருங்க, துண்டைப் பிடுங்கி மூஞ்சிக்கு நேரா நீட்டறா. எனக்கு அந்த தைரியம் இல்லாமப் போச்சே."

தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சும்மா இருங்கக்கா."

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கியபோதே சிரிப்பு தெரிந்தது. கல்தான். குழாயின் வாயில் ஒன்று சிக்கியிருந்தது, பின்னால் இன்னொன்று. கல்லை அசைத்ததும் சீழாகக் கொட்டியது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். வழி அடையாமல் இருக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்திருக்கிறோம், சில வாரத்தில் எடுத்துவிடலாம், காய்ச்சல் அடங்கினதும் கல் உருவாகிற பித்தப்பையைச் சின்னத் துளை போட்டு எடுத்துவிட வேண்டும் என்றார். கட்டி எதுவும் கண்ணில் படவில்லை, இருந்தாலும் எல்லா ஸ்கேனும் எடுத்து உறுதி பண்ணுவோம் என்றார். தங்கச்சி கும்பிட்டாள், அழுதாள், மறுபடியும் கும்பிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி மட்டும் டாக்டரின் கூடவே நாலடி நடந்தார்.

"டாக்டர், என் வீட்டுக்காரருக்கும் இதே கல்லா இருந்திருக்குமா?"

டாக்டர் நின்றார். "பார்க்காம சொல்லக்கூடாதும்மா. அவருக்கு வலி இருந்துதா?"

"ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

"வலியே இல்லன்னா வேற ஏதாவதா இருந்திருக்கலாம். கட்டி மாதிரி. அப்படின்னா கூட்டிட்டு வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியுமான்னு தெரியாது. நீங்க அதை மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க."

அண்ணி திரும்பி வந்து உட்கார்ந்தார். "வலி இல்ல. அவருக்கு வலி இல்லவே இல்ல" என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை அவன் கண் விழித்து நன்றாகப் பேசினான். காய்ச்சல் இறங்கியிருந்தது. அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். தங்கச்சி அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அண்ணி கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க அண்ணி."

"கடைசி ரெண்டு மாசம் டெலிவரிக்கு அவர்கூட லாரியில நீங்கதானே போனீங்க. உங்ககிட்டயாவது வலிக்குதுன்னு சொன்னாரா?"

அவன் அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்ல அண்ணி. ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. பாட்டு கேட்டுக்கிட்டே ஓட்டுவாரு."

"நெஜமாவா?"

"உங்க மேல சத்தியமா."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது அவருக்கு வயசு குறைந்த மாதிரி இருந்தது. "அது போதும் எனக்கு. கூட்டிட்டுப் போகலயே, கூட்டிட்டுப் போகலயேன்னு மூணு வருஷமா மனசு அறுத்துக்கிட்டே இருந்துது" என்றார். எழுந்தார். "இருங்க, கீழ போய் டீ வாங்கிட்டு வரேன். தம்பி, உங்களுக்கு ரெண்டு வாய் குடுக்கலாமான்னு கேட்டுட்டு வாங்கறேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது. தங்கச்சி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் அப்படியே பாத்து அதையே சொல்லுங்க" என்றாள்.

அவன் சலைன் பாட்டிலைப் பார்த்தான்.

"அண்ணன் வண்டியை ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங் மேல கவுந்து கெடப்பான். சட்டையெல்லாம் வேர்த்து ஊத்தும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம். வீட்ல சொன்னே, கொன்னுடுவேன்னான். நான் யார்கிட்டயும் சொல்லல. எனக்கு அதே எடத்துல, அதே மாதிரி வலிக்க ஆரம்பிச்சதும் சரி, நம்ம முறை வந்துடுச்சுன்னு நினைச்சேன். வாய்விட்டுச் சொன்னா உண்மையாயிடும்னு பயம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அவனுக்கும் இதேதான் இருந்திருக்கும். ரெண்டு கல்லுடி. ஒன்றரை மணி நேர வேலை."

தங்கச்சி அவன் கால் மேல் விரிப்பை இழுத்துவிட்டாள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அண்ணி தட்டில் நான்கு டம்ளர்களோடு உள்ளே வந்தார். படியேறிய மூச்சிரைப்பு இருந்தது, ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. "ரெண்டு வாய் குடிக்கலாம்னுட்டாங்க தம்பி" என்றார். "என்ன எல்லாரும் உம்முனு இருக்கீங்க? நல்லது நடந்திருக்கு, சிரிங்க."

தங்கச்சி எழுந்துபோய் அவர் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "சூடு கொதிக்குதேக்கா, எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். பிறகு அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, முதல் டம்ளரை அவருக்கே கொடுத்தாள்.